சிபிசிடி-யில் (பல் மருத்துவ 3டி எக்ஸ்ரே) பல் அச்சை ஸ்கேன் செய்து கிரவுன் (பல் உறை): மார்ஜின் (உறை பல்லோடு சேரும் விளிம்பு) மழுங்குகிறது

கேள்வி: சிலிகான் அச்சை 0.2 மி.மீ. வாக்செலில் (3டி படத்தின் மிகச்சிறு கன அலகு) ஸ்கேன் செய்து, எஸ்டிஎல் (3டி வடிவக் கோப்பு) எடுத்து ஜிர்கோனியாவில் (கெட்டியான பீங்கான்) கிரவுனை மில் செய்கிறோம் (கடைந்தெடுக்கிறோம்). மார்ஜின் உருண்டு வருகிறது, கிரவுன் முழுதாக உட்காரவில்லை. பிழை எங்கே?

பதில் 1: 0.2 மி.மீ. என்றால் 200 மைக்ரான். விளிம்பில் பொதுவாக ஏற்கப்படும் இடைவெளியே 120 மைக்ரான் அளவுதான், அப்புறம் மார்ஜின் எப்படித் தெரியும்? சிறிய எஃப்ஓவி (ஸ்கேன் பரப்பு) எடுத்து, வாக்செலை 0.1 மி.மீ. அல்லது அதற்கும் கீழே வையுங்கள். ஸ்மூத்திங்கை (மென்பொருள் பரப்பை வழவழப்பாக்குவதை) நிறுத்துங்கள், அதுவும் விளிம்பைத் தின்கிறது.

பதில் 2: உட்காராததற்கு த்ரெஷோல்டையும் (எந்த அடர்த்திக்கு மேல் சிலிகான், எதற்குக் கீழே காற்று என்று பிரிக்கும் எல்லை) பாருங்கள். பலர் கவனிக்காத இடம் இது. அச்சு நெகட்டிவ் (பல் இருந்த இடம் குழி) அல்லவா? த்ரெஷோல்ட் குறைந்தால் சிலிகான் பருத்து, பல் சிறுத்துவிடும், கிரவுன் இறுகும். கூடினால் தளரும். அளவு தெரிந்த பிளாஸ்டிக் உருளையை அதே சிலிகானில் அச்செடுத்து, ஸ்கேனில் விட்டம் பொருந்தும்வரை த்ரெஷோல்டை நகர்த்துங்கள். சிலிகான் பிராண்டு மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும். அச்சைத் தாங்கும் டிரே உலோகமாக இருக்கக் கூடாது, படத்தில் கீற்று விழும். பிளாஸ்டிக் டிரேயை நுரைப்பஞ்சின் மேல் வையுங்கள்.

பதில் 3: டிசைனுக்கு முன் மெஷ்ஷின் (3டி பரப்பு வலை) நார்மல்களை (எது வெளிப்பக்கம் என்று காட்டும் திசைகள்) திருப்ப மறக்காதீர்கள், அப்போதுதான் நெகட்டிவ் அச்சு பல்லாக மாறும். நோயாளி வாயையே சிபிசிடி எடுத்து கிரவுன் செய்வது வேண்டாம். அசைவு, பழைய உலோக அடைப்பு இரண்டும் கெடுக்கும். வாய் ஸ்கேன் இம்ப்ளான்ட் கைடுக்கு (செயற்கைப் பல் வேரைப் பொருத்த வழிகாட்டும் சட்டம்).