உப்புத்தாள் படாமல் மச்சுத் தரைக்கு மெருகு: நம் ஆட்களின் அனுபவம்

சிம்மக்கல்லான்

சித்திரைத் திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது ஆரம்பித்தேன். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் எங்கள் வீட்டில் எப்படியும் பத்துப் பேர் தங்குவார்கள். அவர்களுக்கு மாடி அறைதான். அந்த அறையின் தரை தேக்குப் பலகை. தாத்தா காலத்தில் உத்திரத்தின் மேல் பலகை அடித்துப் போட்ட மச்சு. எங்கள் தெருவில் மற்ற வீடுகளெல்லாம் டைல்ஸ் ஆகிவிட்டன.

பார்க்கச் சகிக்காது. வாசலிலிருந்து ஜன்னல் வரை நடக்கிற பாதை வெளுத்துக் கிடந்தது, ஓரமெல்லாம் கருப்பு, கட்டிலுக்கு அடியில் மட்டும் தேன் நிறம். மெஷின் வைத்துத் தேய்க்கிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மேலாக ஒரு சுற்று எடுத்தால் புதுசாயிரும் சார்" என்றார். ஆணித் தலைகள் ஏற்கெனவே பலகை மட்டத்துக்கு வந்திருந்தன. இன்னும் ஒரு சுற்று எடுத்தால் பலகை இறங்கி, ஆணி மேலே நிற்கும். தூள் வேறு இடுக்கு வழியாக நேராகக் கீழே கூடத்தில், அம்மாவின் சாமி அலமாரி மேல் கொட்டும். அம்மாவிடம் அனுமதி வாங்குவதைவிடத் தரை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம்.

எங்கள் நிலைக்கதவுக்கு வேலை செய்த ஆசாரி ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னது ஒரே விஷயம்: "மேல என்ன பூசியிருக்குன்னு முதல்ல பாருங்க. அப்புறம் கை வைங்க."

பீரோவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், பஞ்சில் ஸ்பிரிட் (எரிசாராயம்) நனைத்து வைத்து இருபது வரை எண்ணி எடுத்தேன். பஞ்சு கடுந்தேநீர் நிறத்தில் வந்தது. வைத்த இடத்தில் விரல் ஒட்டியது. அரக்குப் பாலிஷ்! நம் ஊரில் பிரெஞ்ச் பாலிஷ் என்பார்களே, அதேதான். அரக்குப் பூச்சி மரக்கிளையில் விடுகிற பிசின், ஸ்பிரிட்டில் கரையும். காய்ந்து எத்தனை வருடம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும். அதனால் புதுப் பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். பிடிப்புக்காகச் சுரண்ட வேண்டியதில்லை. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் ஆயில் வார்னிஷோ, பி.யூ. என்கிற பாலியூரித்தேன் பூச்சோ.

வேலையில் முக்கால் பங்கு அழுக்கு எடுப்பதுதான். அப்பத்தா வெள்ளிக்கிழமைதோறும் மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் தரையைத் துடைப்பார். அந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஓரங்களில் தார் மாதிரி படிந்திருந்தது. டர்பன்டைனில் பழைய வேட்டித் துணியை நனைத்து, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால் ரேகைப் போக்கிலேயே மெதுவாகத் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் கீறல் தெரியும். துணி கருப்பாக வர வர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அழுக்குத் துணியால் துடைத்தால் எடுத்ததையே திரும்பப் பூசுகிறோம். மூன்று வேட்டி போனது. அதில் ஒன்று நல்ல வேட்டி என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜன்னலோரம் டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு கருப்புச் சதுரம். மழைத்தண்ணீரில் இரும்பு துருப்பிடித்து, மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்த கறை. அங்கே பாலிஷ் முழுக்கப் போய் வெறும் மரமாக இருந்ததால் ஆக்சாலிக் ஆசிட் பொடியை வெந்நீரில் கரைத்துத் தடவினேன். அரைமணி நேரத்தில் மை வற்றுகிற மாதிரி வெளுத்தது. பிறகு ஈரத்துணியால் மூன்று நான்கு முறை துடைத்து, இரண்டு நாள் காயவிட்டேன். அது விஷம், கையுறை வேண்டும். காய்ந்து பொடியாக நின்றால் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம் பூச்சு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குச் சீவல். ராத்திரி ஊறவைத்து, காலையில் மெல்லிய துணியில் வடிகட்டினேன். பஞ்சை வேட்டித் துணியில் சுற்றிப் பொட்டலம் கட்டி, அதில் பாலிஷை ஊறவிட்டு, ஒரு பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் பொட்டலம் ஒட்டிக்கொண்டு பழைய பூச்சையும் கிளப்பும். எனக்கு முதல் நாலு பலகையில் அப்படித்தான் ஆனது. மதுரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் அடுத்த கைக்கு, அதாவது அடுத்த பூச்சுக்குத் தயார். கீழே அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எல்லாம் அணைத்துவிட்டுத்தான் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன்.

மூன்றாவது கை அடிக்கும் சாயங்காலம் கோடை மழை. நான் நிறுத்தவில்லை. அரைமணியில் அறையின் பாதி, கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. காற்றிலிருந்த ஈரம் பூச்சில் மாட்டிக்கொண்டது. மறுநாள் மத்தியான வெயிலில், பொட்டலத்தில் ஸ்பிரிட் மட்டும் லேசாகத் தொட்டு மேலோடு இழுத்தேன். இளகி, ஈரம் போய், வெள்ளை மறைந்தது.

இப்போது தேன் நிறம். ஆணித் தலைகள் அப்படியே இருக்கின்றன. நடைபாதை மற்ற இடத்தைவிட ஒரு நூல் வெளிறித் தெரியும், எனக்குப் பிடித்திருக்கிறது.

மேலூர்க்காரன்

அண்ணே, நீங்கள் செய்த முதல் வேலையை நான் செய்யவில்லை. அதனால் மாட்டினேன். பழைய வீட்டு மரத்தரையை டீப்பால் என்கிற சோப்புத் திரவமும் தண்ணீரும் விட்டுக் கழுவி, "சுத்தமாகிவிட்டது" என்று பி.யூ. அடித்தேன். பத்து நாள் பளபளவென்று இருந்தது. பதினோராவது நாள் நாற்காலியை இழுத்த இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. நகத்தால் நெண்டினால் முழம் முழமாக வருகிறது. பையனுக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. அடியில் இருந்தது மெழுகு. அம்மா மெழுகுப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பார் என்று அப்புறம்தான் சொன்னார்கள். மெழுகின் மேல் எதுவும் நிற்காது.

பாலிஷ்காரர் மகள்

எங்கள் அப்பா நாற்பது வருடம் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவும் தூணும் பாலிஷ் போட்டவர். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

உப்புத்தாளே வேண்டாம் என்பது அரக்கு, லாக்கர், எண்ணெய்ப் பூச்சு இவற்றுக்குச் சரி. ஆயில் வார்னிஷ், பி.யூ. இரண்டும் காய்ந்துவிட்டால் கரையாது. மேலே பூசுவது தானாகச் சேராது. அங்கே மரத்தைத் தொட வேண்டாம், பூச்சின் மழுமழுப்பை மட்டும் பச்சை நாரால் மங்க வைக்க வேண்டும். சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபூச்சு. மரம் தெரிகிற அளவு தேய்ந்த இடம் இருந்தால் இந்த வழியில் ஒட்டுப்போட்டது தெரியும். அதை ஒப்புக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

மேலூர் அண்ணனுக்கு இன்னொன்று. கடையில் கிடைக்கிற சாதாரண அரக்கிலேயே இயற்கையான மெழுகு உண்டு. அரக்குத் தரைமேல் பி.யூ. அடிக்கிற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். அரக்கு மேல் அரக்கே போடுங்கள். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், தண்ணீர் தேங்கினால் பாழாகும். படுக்கை அறைக்குச் சரி, சமையலறைப் பக்கம் வேண்டாம். அப்பா இதை முதலிலேயே சொல்லிவிடுவார், வேலை கைவிட்டுப் போனாலும்.

மலையேறியவன்

கொடைக்கானலில் வாடகைக்கு இருந்தபோது நடந்தது. எண்ணெய்ப் பூச்சுத் தரை. லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) துணியால் தேய்த்து, கால்மணி கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுத்தால் போதும், எளிது. துடைத்த துணிகளைச் சுருட்டி பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூலையில் வைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது கருகிய எண்ணெய் வாடை. வாளியின் அடி இளகித் தரையோடு ஒட்டியிருந்தது. துணியைத் தொட்டால் சுட்டது. நெருப்பே இல்லாமல்! இந்த எண்ணெய் காற்றைப் பிடித்துக் காயும்போது சூடாகுமாம்; குவித்து வைத்தால் சூடு வெளியே போகாமல் தானே பற்றிக்கொள்ளும். கொடைக்கானல் குளிரிலேயே அப்படியென்றால் மதுரையில் யோசித்துக்கொள்ளுங்கள். துணியை ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

உசிலம்பட்டி டீச்சர்

எங்கள் மச்சுக்குச் சுற்றிலும் சிவப்புப் பெயின்ட் கரை உண்டு, அப்பா அடித்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டைத் தேய்த்துத் தூளாக்கி வீட்டில் தவழுகிற பிள்ளை மூச்சில் கலக்க எனக்கு மனம் வரவில்லை. கரையை அப்படியே விட்டுவிட்டு நடுவில் மட்டும் துடைத்துப் பூசினேன். கேட்பவர்களிடம் டிசைன் என்று சொல்கிறேன்.

திருநகர் வாசி

எங்கள் பிளாட்டில் இருப்பது லேமினேட். இதற்கும் இந்த வைத்தியம் செல்லுமா?

சிம்மக்கல்லான்

செல்லாது தம்பி. அதன் மேல்பக்கம் மரப் படம் அச்சடித்த தாள், அதன் மேல் பிசின். ஸ்பிரிட் துடைப்பது, அரக்குப் பூசுவது எல்லாம் வீண். பலகையைத்தான் மாற்ற வேண்டும்.

டீச்சருக்கு: கரையை விட்டது நல்ல முடிவு. மிச்சமிருந்த பாலிஷில் கூடத்து ஊஞ்சல் பலகைக்கு இரண்டு கை கொடுத்தேன். சங்கிலி வளையத்தைச் சுற்றி மட்டும் பொட்டலம் நுழையவில்லை. அங்கே பழைய கருப்பு அப்படியே இருக்கிறது. அம்மா காபி டம்ளரை இப்போது ஊஞ்சலில் வைப்பதில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்.