டீ ட்ரீ ஆயில் வைத்தால் எரியுது, எவ்வளவு கலக்கணும்?

வேலூர்வாசி:
தங்கச்சிக்கு 17 வயசு. கன்னத்திலும் தாடையிலும் பரு, சிலதில் சீழ். டீ ட்ரீ ஆயிலைப் பஞ்சில் தொட்டு நேரா வைத்தால் எரியுது, மறுநாள் தோல் உரியுது. தேங்காயெண்ணெயில் கலக்கணும்னு ஒருத்தர் சொல்றார், வேப்பெண்ணெயே போதும்னு இன்னொருத்தர். எது சரி? நெத்தியில் இருக்கிற பொடிப் பொடிக் கட்டிகளுக்கும் போடலாமா?

மருந்துக்கடை:
நேரா வைக்கவே கூடாது. 5% போதும். 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5% டீ ட்ரீ ஜெல்லையும் வழக்கமான பரு மருந்தான 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாகக் கேட்டது, எரிச்சல் குறைவு.

சொட்டுக் கணக்கு வேண்டாம், பாட்டிலுக்குப் பாட்டில் சொட்டு மாறும். 1 மி.லி. சிரிஞ்சில் 0.5 மி.லி. எடுத்து 9.5 மி.லி. ஜோஜோபா எண்ணெயில் கலங்க. முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். அரிப்போ சிவப்போ வந்தால் அதோடு விட்டுடுங்க. வரலைன்னா பரு உள்ள இடத்தில் மட்டும் 20 நிமிடம் வைத்துக் கழுவலாம். ஆறு வாரமாவது பார்க்கணும்.

தேங்காயெண்ணெயில் கலக்காதீங்க. அதிலுள்ள லாரிக் அமிலம் பருக் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான், ஆனால் எண்ணெயில் அது தனியாக இல்லாமல் கிளிசரைடு என்ற கொழுப்பாகக் கட்டுண்டு கிடப்பதால் அப்படி வேலை செய்யாது. துவாரம் அடைப்பதுதான் மிச்சம். வேப்பெண்ணெய் கனமானது, நாற்றம் வேற; முகப்பருவுக்கு ஒழுங்காகச் சோதித்த ஆய்வும் குறைவு.

தோல்_தகவல்:
நெத்திக் கட்டிகள் எல்லாம் ஒரே அளவில் இருந்து அரிக்குதா? அப்படின்னா அது பருவே இல்லாமல் மலசீசியா பூஞ்சையாக இருக்கலாம். அதற்குத் தீனியே எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம்தான். தலைக்கு வைக்கிற எண்ணெய் நெத்தியில் வழிந்தாலே கூடும். டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்க, பெரும்பாலும் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்துதான் தருவாங்க.

வேலூர்வாசி:
ஆமா, அரிக்குது. நெத்தியை விட்டுடறேன். ஜோஜோபா இங்க கிடைக்கலை, கற்றாழை ஜெல்லில் கலக்கலாமா?

மருந்துக்கடை:
கூடாது. ஜெல் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான், எண்ணெய் கரையாமல் திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு திட்டு மேலே பட்டால் பாட்டிலிலிருந்து நேரா வைத்த மாதிரிதான். 5% ரெடிமேட் ஜெல் வாங்கிடுங்க.

பழைய பாட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்க. காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும். அலர்ஜி பெரும்பாலும் அந்தப் பழைய எண்ணெயால்தான் வரும். லேபிளில், எண்ணெயிலுள்ள முக்கிய வேதிப்பொருளான டெர்பினென்-4-ஆல் 35%க்குக் குறையாமலும், இன்னொரு வேதிப்பொருளான சினியோல் 10%க்கு மிகாமலும் இருக்கணும். பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலாகப் பாருங்க.

தோல்_தகவல்:
உள்ளே கல் மாதிரி வலிக்கிற கட்டி இருந்தால் எந்த எண்ணெயும் அவ்வளவு ஆழம் போய் வேலை செய்யாது. தள்ளிப்போட்டால் குழி விழும், அதுக்கு நேரா தோல் டாக்டர்தான். அப்புறம், பாட்டிலைக் குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்க, வாயில் போனால் விஷம்.