ஐஸ் ஹொக்கில கோச் யார கூட நேரம் இறக்குவார்?

வெள்ளவத்தையான்: டொரன்டோல அக்காட மகன் ஐஸ் ஹொக்கி விளையாடுறான், கோலும் அடிக்கிறான் ஆனா முக்கால்வாசி பெஞ்சிலதானாம், அக்கா போன் எடுத்து ஒரே புலம்பல். எத வச்சு முடிவெடுக்கிறாங்க?

கொட்டாஞ்சேனை தம்பி: கோல் மட்டும் பாக்க மாட்டாங்க அண்ணை. பக் (பந்துக்குப் பதிலா அடிக்கிற ரப்பர் வட்டு) மற்ற டீமிட்ட போனோண்ண திரும்பி வந்து மறிக்கிறானா, அதுதான் முதல். ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருக்கா இறங்கி விளையாடுற நேரம், 45 செக்கன் மாதிரித்தான், அதுக்கு மேல இழுத்துக்கொண்டு நிண்டா களைச்சுப்போய் கோல் வாங்கும், கோச்சுக்கு விசர் வரும்.

பம்பலப்பிட்டி: பெனால்டியும் இருக்கு. சும்மா பிழை விட்டு 2 நிமிசம் வெளிய போறவன் எவ்வளவு திறமெண்டாலும் பெஞ்ச்தான். அந்த நேரம் டீம் ஒராள் குறையத்தான் விளையாடும், அப்பிடி நிண்டு சமாளிக்கிறவனத்தான் கடைசி நிமிசத்தில இறக்குவாங்க.

தம்பி: அவனுக்கு வயசென்ன? சின்னப் பிள்ளையெண்டா எல்லாருக்கும் சமமா குடுக்கோணும்.

வெள்ளவத்தையான்: 15.

பம்பலப்பிட்டி: அப்ப அவனே போய் கோச்சிட்ட கேக்கட்டும், அக்கா வேணாம்.