ஜேபிஎல் எல்100: பழைய செஞ்சுரியா, புது கிளாசிக்கா?

சுருதிபேதம்:
1970-களின் ஜேபிஎல் எல்100 செஞ்சுரி ஸ்பீக்கர் ஜோடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2018-ல் அறிவித்த எல்100 கிளாசிக்கும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கிறது. சத்தத்தில் என்ன வித்தியாசம்? பழையதில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

மூன்றுவழி:
முகம்தான் ஒன்று, உள்ளே வேறு ஸ்பீக்கர். செஞ்சுரி, ஜேபிஎல்லின் 4310 ஸ்டூடியோ மானிட்டரின் (ஒலிப்பதிவுக் கூட ஸ்பீக்கர்) வீட்டு வடிவம். பாஸ் பாடும் 12 அங்குல வூஃபருக்கு, மேல் ஒலியை வெட்டும் கம்பிச்சுருளே (காயில்) கிடையாது, ஆம்ப்ளிஃபையரிலிருந்து (ஆம்ப்) நேராகப் போகிறது. நடு ஒலிக்கான மிட்டுக்கு 8 மைக்ரோஃபாரட், உச்ச ஒலிக்கான ட்வீட்டருக்கு 3 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இவற்றின் லெவலை மாற்ற எல்-பேட் என்னும் குமிழ் இரண்டு. ஒலியை மூன்றுக்கும் பிரித்துத் தரும் க்ராஸோவர் அவ்வளவுதான்! வூஃபரும் மிட்டும் பிரியும் இடம் 1.5 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தாலும் அதற்கு மேலும் வூஃபர் மிட்டோடு சேர்ந்தே பாடும். குரலும் கிட்டாரும் முன்னால் வந்து நிற்பது அதனால்தான்.

கிளாசிக்கில் 450 ஹெர்ட்ஸிலேயே வூஃபரை வெட்டிவிட்டார்கள். குரலில் பெரும்பங்கு 5.25 அங்குல மிட்டின் வேலை. பேப்பர் கோன் ட்வீட்டர் போய் 1 அங்குல டைட்டானியம் டோம். சீராக இருக்கும், ஆனால் ராக் கேட்பவருக்கு அந்தப் பழைய துள்ளல் கொஞ்சம் குறையும்.

ஈயப்பற்று:
டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்து 6 ஓம் பக்கம் காட்டினால் எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். மீட்டர் அளப்பது டிசியில் (நேர்மின்சாரம்), கெபாசிட்டர் அதைத் தடுப்பதால் மீட்டருக்குத் தெரிவது வூஃபர் மட்டுமே. மிட்டையும் ட்வீட்டரையும் கழற்றித் தனித்தனியாக அளக்கணும்.

முன்பக்கக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தாலோ ட்வீட்டர் விட்டுவிட்டுப் பாடினாலோ எல்-பேட் களிம்பேறியிருக்கிறது. வூஃபரைக் கழற்றினால் கை எட்டும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, இரு கோடிக்கும் பலமுறை திருப்புங்கள். போகாவிட்டால் 8 ஓம் எல்-பேட் புதிதாகப் போடுங்கள். கெபாசிட்டர் மாற்றினால் பொலாரிட்டி (பிளஸ்-மைனஸ் பேதம்) இல்லாத வகை, அதே மதிப்பு.

வூஃபரின் ஓர விளிம்பு பூச்சுத் துணி, ஃபோம் மாதிரி உதிராது. யாராவது ஃபோம் ஒட்டியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். இன்னொன்று: சிவப்பு டெர்மினலில் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ் வைத்தால் கோன் உள்ளே போகும். கோளாறு இல்லை, ஜேபிஎல்லின் அந்தக் கால வழக்கமே அது. எதிர்த்திசையில் அசையும் மற்ற கம்பெனி டிரைவர் (வூஃபர், மிட் போன்ற உறுப்பு) மாட்டினால்தான் வம்பு.

சுருதிபேதம்:
நன்றி. என் ஆம்ப்பின் பின்னால் "8–16 ஓம்" என்று போட்டிருக்கிறது. கிளாசிக் ஓடுமா?

மூன்றுவழி:
கிளாசிக் 4 ஓம், செஞ்சுரி 8. ஓம் குறைந்தால் ஆம்ப்புக்குப் பாரம் கூடும். அந்த ஆம்ப்பில் கிளாசிக்கைச் சத்தமாக வைத்தால் சூடேறி புரொடெக்ஷனுக்குப் போகும் (தன்னைக் காக்கத் தானே நின்றுவிடும்), புரொடெக்ஷன் இல்லாத பழைய ஆம்ப் என்றால் அவுட்புட் டிரான்சிஸ்டரே போகலாம். ஆம்ப்பை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் செஞ்சுரிதான்.

ஈயப்பற்று:
எதை வாங்கினாலும் வெறுந்தரையில் வைக்காதீர்கள், பாஸ் குமுறும். சற்றே பின்சாயும் குட்டை ஸ்டாண்ட் போதும். அந்தக் கட்டம் கட்டமான ஃபோம் கிரில் பழையதில் தொட்டாலே பொடியாகும். புதியதும் ஃபோம்தான், வெயில் படாமல் வையுங்கள்.