வெள்ளைக் கொடியான திருவிழா வேட்டி

கடவுளை நம்புகிறவன் மனிதரிடம் கையேந்தக் கூடாது என்று இங்கே ஓர் அன்பர் எழுதியிருந்தார். அந்த எண்ணத்தோடு பதினைந்து மாதங்கள் வாழ்ந்து பார்த்தவன் என்பதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுவது என் தொழில். 2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதிலிருந்து, இடையிடையே பள்ளி திறந்த சில மாதங்களைத் தவிர, வருமானமே இல்லை. கடன் தவணைக்குக் கிடைத்த ஆறு மாத ஒத்திவைப்பு செப்டம்பரோடு முடிந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நிதி நிறுவனத்தார் வந்து என் இரண்டாவது வேனை இழுத்துச் சென்றனர். நாங்கள் பிறந்த தோட்டத்தில் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிக்கப்பட்டுச் செம்பனை எனும் எண்ணெய்ப்பனை வந்துவிட்டாலும் மாரியம்மன் கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. கதவு பூட்டியிருந்த அந்த நாள்களிலும் கம்பிக்கு வெளியே நின்று, 'தாயே, யாரிடமும் போய் நிற்கும்படி என்னை வைத்துவிடாதே' என்று வேண்டிக்கொண்டு வருவேன். அதை நம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். அதில் பாதிக்கு மேல் என் வீம்பு என்பது பிறகுதான் விளங்கியது.

2021 ஜூன் மாத முழு அடைப்பின் இறுதியில், உணவில்லாதவர்கள் வீட்டு முன் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. மனைவி அதைச் சொன்னபோது அவள்மீது எரிந்து விழுந்தேன். அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருக்கையில் பாட்டியின் நினைவு வந்தது. ஜப்பான்காரன் ஆட்சியில், 1943இல், தாத்தாவைச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவே இல்லை. பாட்டி விளக்கேற்றுவதையும் நிறுத்தவில்லை, பிள்ளைகளுக்காகப் பக்கத்து வீட்டில் ஒரு குவளை அரிசி கேட்பதற்கும் தயங்கவில்லை. "ஆத்தா குடுப்பாடா, ஆனா அரிசி அடுத்த காம்பராவுலதான் இருக்கும்" என்று, லயத்தில் அடுத்த வீட்டைக் காட்டி, அவர் சொல்லிச் சிரிப்பதை நான் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். தாத்தா ஏன் காப்பாற்றப்படவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவரிடம் விடை இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

விடிந்ததும் கொடிக்குத் துணி தேடினேன். வீட்டில் வெள்ளையாக இருந்தது திருவிழாவுக்குக் கட்டும் வேட்டி ஒன்றுதான். மஞ்சள் கறை படிந்த ஓரத்தை விட்டுவிட்டு ஒரு முழம் கிழித்து, துணி காயப்போடும் மூங்கிலில் கட்டி வாசலில் நட்டேன். கை நடுங்கியது. யாராவது பார்ப்பதற்குள் பிடுங்கிவிடலாமா என்று இருமுறை வெளியே வந்தேன்.

முதலில் வந்தவர், சாலையோரத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா. பத்து கிலோ அரிசியையும் ஒரு தட்டு முட்டையையும் நான்கைந்து சாடின் மீன் டின்களையும் வேன் படியில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்தே கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கே வியாபாரம் படுத்திருந்த காலம் அது. மாலையில், இரண்டு மாத வேன் பணம் பாக்கி வைத்திருந்த ஒரு தகப்பனார் கொடியைப் பார்த்துவிட்டு வந்து, தலைகுனிந்தபடி 160 வெள்ளியை (ரிங்கிட்) நீட்டினார். ஊரில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். அவர் வழியாகவே செம்பனைக் குலை ஏற்றும் வேலையும் கிடைத்தது. அக்டோபரில் பள்ளிகள் கட்டங்கட்டமாகத் திறக்கும்வரை அதில்தான் அடுப்பெரிந்தது. இழுத்துச் சென்ற வேன் திரும்பி வரவில்லை.

இவற்றை அம்மன் அனுப்பினாள் என்றே நான் நம்புகிறேன். தற்செயல் என்று சொல்கிறவர்களோடு வாதாட மாட்டேன்.

கோயில் மீண்டும் திறந்தபின் வந்த திருவிழாவுக்கு அதே வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு போனேன். ஒரு முழம் குறைந்திருந்ததை என் மனைவியைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.