அப்பாவின் ஆட்டைத்திவசமும் வளாக நன்கொடையும்

வெள்ளவத்தை மாமா: ஆட்டைத்திவசத்துக்கு முன்னர், அத்தான் படிப்பித்த பல்கலைக்கழக வளாகத்துக்கு என்ன கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அங்கே அடிக்கடி மின்சாரம் போகிறதாம். ஒரு ஜெனரேட்டர் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

லண்டன் சித்தி: கூரையில் சோலர் போடலாமே. அத்தானின் பெயரையும் பொறிக்கலாம்.

பெரியக்கா: சித்தி, சோலர் மட்டும் இருந்தால் மின்வெட்டின்போது அதுவும் நின்றுவிடும். வெளியே கம்பியில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக, பிரதான விநியோகம் போனவுடன், சோலர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சாதாரண இன்வேட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். 2025 பெப்ரவரி 9 அன்று, பட்டப்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் போனபோது நடந்தது அதுதான்.

தெஹிவளைச் சித்தப்பா: பாணந்துறைத் துணை மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கு.

பெரியக்கா: குரங்கு தொடக்கிவைத்தது, சித்தப்பா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்பதால் மின்தேவை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்திருந்தது. அந்த அதிர்ச்சியைத் தாங்கக்கூடிய, மின்நிலையங்களின் பெரிய சுழல் இயந்திரங்கள் போதிய அளவில் ஓடவில்லை. வளாகத்துக்குத் தேவை, வெளி விநியோகத்திலிருந்து பிரிந்தபின்னும் மின்சாரத்தின் வழமையான அதிர்வெண்ணான 50 ஹேர்ட்ஸைத் தானே உருவாக்கித் தாங்கும் பற்றரியும் இன்வேட்டரும் கொண்ட மைக்ரோகிரிட், அதாவது தனித்து இயங்கக்கூடிய சிறு மின்வலையமைப்பு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் லெக்கோ மின்விநியோக நிறுவனம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் இப்படியான முன்னோடித் திட்டமொன்றைச் செய்திருக்கிறது.

வெள்ளவத்தை மாமா: ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். நாங்கள் சேர்ந்து வாங்கியதற்குத்தான் இன்னும் ஒருவர் பங்கு தரவில்லை.

தெஹிவளைச் சித்தப்பா: மச்சான், அதை இங்கே எழுத வேண்டாம்.

பெரியக்கா: 2022 மார்ச்சில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது ஜெனரேட்டர் இருந்தது, டீசல்தான் இல்லை, மாமா.

லண்டன் சித்தி: அப்படியென்றால் பற்றரியே வாங்குவோம்.

பெரியக்கா: எவ்வளவு பெரிய பற்றரி என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தின் மைனஸ் 80 பாகை உறைபெட்டி, சேர்வர் அறை, நீர்ப்பம்பி ஆகியவை நிற்கக்கூடாது. விரிவுரை மண்டபத்து ஏசி நிற்கலாம். எதை விடுவது, எதைக் காப்பது என்று பிரிக்காமல் வாங்கினால், முழுச்சுமையும் ஏறிப் பற்றரி விரைவில் தீர்ந்துவிடும். இன்னொன்று, ஷோர்ட் ஏற்பட்டால் இன்வேட்டர் தன் வழமையான அளவைவிடச் சற்றுக் கூடுதலான மின்னோட்டத்தையே தரும்; அது போதாமல் இப்போதுள்ள பிறேக்கர்கள் விழுந்து இணைப்பைத் துண்டிக்காமலே இருக்கக்கூடும். ஆகவே பாதுகாப்பு அமைப்பையும் மாற்ற வேண்டும். நம்மிடமுள்ள தொகையில் முழுத்திட்டமும் ஆகாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி மீற்றர் பொருத்தி ஒரு வருடக் கணக்கு எடுத்துக் கொடுப்போம். மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் அத்திவாரம்.

தெஹிவளைச் சித்தப்பா: அண்ணாவும் முதலில் அளந்து பார் என்றுதான் சொல்லுவார்.

லண்டன் சித்தி: மீற்றரை யார் பார்க்கப்போகிறார்கள், பிள்ளை? வருகிறவர்களின் கண்ணில் படும்படி ஏதாவது இருக்கட்டும்.

அம்மா: கறண்ட் போன இரவுகளில் அந்த உறைபெட்டிக்காகவே எழும்பி வளாகத்துக்குப் போவார். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

வெள்ளவத்தை மாமா: சரி அக்கா. மீற்றருக்கு இரண்டு இடங்களில் விலை கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை நான் இன்னும் கைவிடவில்லை. விலையைப் பார்த்தபின் பேசுவோம்.