17-வது பிக்கில் யார்? பெங்கால்ஸ் எந்த இடத்தை முதலில் நிரப்ப வேண்டும்? (ஏப்ரல் 2025, டிராஃப்டுக்கு முன்)

ஓஹையோ_வாசி:

ஏப்ரல் 24, 2025 அன்று கிரீன் பேயில் என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, தொடங்குகிறது. நம்ம சின்சினாட்டி பெங்கால்ஸ் கையில் இந்த வருடம் ஆறே ஆறு பிக்தான், அதாவது ஆறு தேர்வு வாய்ப்புதான். முதல் ரவுண்டில் 17, அடுத்து 49, அப்புறம் 81. ஓட்டைகளோ ஆறுக்கும் மேல். அதனால்தான் கேட்கிறேன், எதை முதலில் அடைப்பது?

போன சீசனை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பர்ரோ 4,918 யார்டு, 43 டச்டவுன், இரண்டிலும் லீக்கிலேயே முதலிடம். அதைப் பிடிக்கும் ரிசீவர் சேஸ் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன், மூன்றிலும் முதலிடம். அதிக சாக் (எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்தவரும் நம்ம ஹெண்ட்ரிக்சன்தான், 17.5. இத்தனையும் இருந்து 9-8 என்று முடித்துவிட்டு பிளேஆஃபை வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். வாஷிங்டனிடம் 33 புள்ளி எடுத்துத் தோற்றோம், ஸ்டீலர்ஸிடம் 38 எடுத்துத் தோற்றோம், ரேவன்ஸிடம் ஒருமுறை 38 எடுத்தும் இன்னொருமுறை 34 எடுத்தும் தோற்றோம். அந்த 34 எடுத்த ஆட்டத்தில் சேஸ் ஒருவரே 264 யார்டு.

இப்போதைய நிலைமை: வலது கார்டு (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான லைனின் உள்பக்க ஆள்) அலெக்ஸ் கப்பாவை விடுவித்துவிட்டார்கள், எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை விரட்டுபவர்) சாம் ஹப்பர்ட் ஓய்வு பெற்றுவிட்டார், ஹெண்ட்ரிக்சன் ஒப்பந்தம் இன்னும் இழுபறி. பர்ரோ போன வருடம் 48 முறை சாக் ஆனார். என் மனசு கார்டு பக்கம்தான் போகிறது, அலபாமாவின் டைலர் புக்கர் அல்லது வட டகோட்டா ஸ்டேட்டின் கிரே ஸேபல். ஆனால் கூட ஆட்டம் பார்க்கும் நண்பர்கள் எல்லாரும் டிஃபென்ஸ் டிஃபென்ஸ் என்கிறார்கள். பொதுவாக ஒரு அணி எந்த இடங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும், அது நமக்கு எப்படிப் பொருந்தும், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

கேப்_கணக்கு:

சகோ, இதை முதலில் காசு கணக்காகப் பாருங்கள். 2011-ல் புதிய ஊதிய ஒப்பந்தம் வந்தபிறகு டிராஃப்டில் வருபவரின் சம்பளத்தை அவர் ஆடும் இடம் தீர்மானிப்பதில்லை, எத்தனையாவது பிக் என்பதுதான் தீர்மானிக்கிறது. அதற்கு முந்தைய வருடம், 2010-ல், முதல் பிக் சாம் பிராட்ஃபர்டுக்கு 6 வருடத்துக்கு 7.8 கோடி டாலர். அடுத்த வருடம் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு 2.2 கோடிதான். 17-வது பிக்கில் நீங்கள் கார்டை எடுத்தாலும் எட்ஜ் ரஷரை எடுத்தாலும் நான்கு வருடச் சம்பளம் ஒன்றுதான், மொத்தமே 2 கோடியைத் தொடாது.

இப்போது வெளிச்சந்தை விலையைப் பாருங்கள். போன மாதம் மைல்ஸ் காரெட் வருடத்துக்கு 4 கோடி என்று கையெழுத்துப் போட்டார், மேக்ஸ் கிராஸ்பி 3.55 கோடி. நீண்டகால ஒப்பந்தம் உள்ள கார்டுகளில் உச்சத்தில் இருக்கும் லாண்டன் டிக்கர்சன் 2.1 கோடி. அதாவது எட்ஜில் நல்ல ஆள் கிடைத்துவிட்டால் நான்கு வருடத்துக்கு நீங்கள் மிச்சப்படுத்துவது கார்டைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குவார்ட்டர்பேக், லெஃப்ட் டேக்கிள் (லைனின் இடது ஓர ஆள்), எட்ஜ், ரிசீவர், கார்னர்பேக் என்று எல்லா அணிகளும் வரிசை கட்டுவது சும்மா இல்லை. இந்த இடங்களில் சிறந்தவர்கள் ஃப்ரீ ஏஜென்சிக்கு (ஒப்பந்தம் முடிந்தவர்களின் வெளிச்சந்தைக்கு) வருவதே அபூர்வம், வந்தாலும் விலை எட்டாது. ரன்னிங் பேக், சேஃப்டி, உள் லைன்பேக்கர், டைட் எண்ட் எல்லாம் மார்ச் மாதத்தில் கடையில் கிடைக்கும் சரக்கு.

நம் அணிக்கு இது இன்னும் முக்கியம். பர்ரோவுக்கு 5 வருடத்துக்கு 27.5 கோடி, சேஸுக்கு 4 வருடத்துக்கு 16.1 கோடி, இன்னொரு ரிசீவர் ஹிக்கின்ஸுக்கு 4 வருடத்துக்கு 11.5 கோடி. சராசரி போட்டால் மூவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 12 கோடிக்கு மேல், இந்த வருட சேலரி கேப் (ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு) மொத்தமே 27.92 கோடி. மூன்று பேருக்கு இவ்வளவு கொடுத்த அணி மிச்ச இடங்களில் மலிவாக, நன்றாக ஆடும் இளைஞர்களை வைத்துத்தான் பிழைக்க முடியும். ஆகவே 17-ல் எட்ஜ் அல்லது டிஃபென்சிவ் டேக்கிள் (எதிரணி லைனை நடுவிலிருந்து முட்டுபவர்). வேறு பேச்சே வேண்டாம்.

---

நாலாவது_டவுன்:

கணக்கு சரி, ஆனால் கணக்கு களத்தில் பர்ரோவைக் காப்பாற்றாது.

2022 பிப்ரவரி, 56-வது சூப்பர் பௌல் (லீக்கின் இறுதிப் போட்டி), நம் கடைசி முயற்சி. ராம்ஸ் 23-20 முன்னிலை, நாலாவது டவுன் (கடைசி வாய்ப்பு), ஒரு யார்டு வேண்டும், நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே. பந்து பர்ரோ கைக்கு வருகிறது, ஆரன் டொனால்ட் நம் இடது கார்டைத் தாண்டி இரண்டே எட்டில் உள்ளே வந்து பர்ரோவின் இடுப்பைப் பிடித்துச் சுழற்றுகிறார், பந்து யாருக்கும் போகாமல் விழுகிறது. அந்த வீடியோவை மேலிருந்து எடுத்த கோணத்தில் பாருங்கள். ஓரத்தில் ராம்ஸின் ஜேலன் ராம்சி தடுக்கி விழுந்து கிடக்கிறார், சேஸ் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் ஆளே இல்லை. இன்னும் ஒரு விநாடி பர்ரோவுக்குக் கிடைத்திருந்தால் கோப்பை நம்முடையது. அந்த ஆட்டத்தில் 7 சாக், அதற்கு முன் டைட்டன்ஸ் ஆட்டத்தில் 9 சாக், அந்த ரெகுலர் சீசன் முழுக்க 51.

2021 டிராஃப்டில் ஐந்தாவது பிக்கில் சேஸை எடுத்து டேக்கிள் பெனெய் சூவலை விட்டோம். இரண்டு பிக் தள்ளி லயன்ஸ் அவரை எடுத்துக்கொண்டார்கள், இன்று ஆல்-புரோ, லீக்கின் சிறந்தவர்களில் ஒருவர். 2020-ல் முழங்கால் லிகமென்ட் கிழிந்து படுத்த குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு அடுத்த வருடமே லைனை இரண்டாம்பட்சமாக்கியது எனக்கு இன்றுவரை ஏற்கவில்லை.

சீஃப்ஸ் இதற்கு நேர்மாறு. 55-வது சூப்பர் பௌலில் இரண்டு டேக்கிளும் காயத்தில் வெளியே, அவர்கள் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார், 31-9 தோல்வி. அடுத்த சில மாதங்களில் லைன் முழுவதையும் மாற்றிப்போட்டார்கள், இரண்டு வருடத்தில் கோப்பை. குவார்ட்டர்பேக் இருக்கும் அணிக்கு முதல் முன்னுரிமை அவர் முன்னால் நிற்கும் ஐந்து பேர். என் ஓட்டு கார்டுக்கு.

---

மேசன்_மாமா:

தம்பி, நீங்கள் சொன்ன அதே 2021 டிராஃப்டில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். சேஸ் இல்லாமல் நாம் அந்த சூப்பர் பௌலுக்கே போயிருக்க மாட்டோம், முதல் வருடத்திலேயே 1,455 யார்டு எடுத்தவர் அவர். தவறு நடந்தது ஐந்தாவது பிக்கில் இல்லை, இரண்டாவது ரவுண்டில். 38-ல் இருந்து 46-க்கு இறங்கி ஜாக்சன் கார்மனை எடுத்தோம், அவர் நிலைக்கவில்லை. 63-ல் சீஃப்ஸ் எடுத்தது யாரை? சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி. அதோடு விடவில்லை, ஆறாவது ரவுண்டில், 226-வது பிக்கில், கார்டு டிரே ஸ்மித். நீங்கள் சொல்லும் அந்தக் கோப்பை லைனின் நடுப்பகுதியில் இரண்டு பேர் நம் கண் முன்னாலேயே நம்மைத் தாண்டிப் போனவர்கள்.

ஈகிள்ஸைப் பாருங்கள். டிக்கர்சன் 37, கேம் ஜர்கன்ஸ் 51, இருவரும் இரண்டாவது ரவுண்டு. அவர்களுக்கு முன்னால் ஜேசன் கெல்சி ஆறாவது ரவுண்டு. உள் லைனில் நல்ல ஆட்கள் இரண்டாவது, மூன்றாவது ரவுண்டிலும் தொடர்ந்து கிடைக்கிறார்கள். கல்லூரியில் டேக்கிளாக ஆடி, கை கொஞ்சம் குட்டை என்பதால் உள்ளே தள்ளப்படுபவர்கள் ஒவ்வொரு வருடமும் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். வெளியே நிற்கும் டேக்கிள் அப்படி இல்லை. அந்த உயரம், அந்தக் கை நீளம், அந்தக் கால் வேகம் மூன்றும் சேர்ந்த உடம்பு அரிது, அதனால்தான் முதல் ரவுண்டிலேயே தீர்ந்துபோகிறார்கள். ஈகிள்ஸின் ஜோர்டன் மைலாட்டா 233-வது பிக் என்று யாராவது சொல்வார்கள், அவர் ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிவிட்டு வந்தவர், அதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கார்டு வேண்டும்தான், ஆனால் 49-ல், அல்லது 81-ல். அதுவும் ஒருவர் இல்லை, முடிந்தால் இருவர்.

---

டெட்ராய்ட்_ராஜி:

லயன்ஸ் ரசிகை, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்த விலைப்பட்டியல் வாதத்தை 2023-ல் எங்கள் அணியைத் திட்டத்தான் எல்லோரும் பயன்படுத்தினார்கள். 12-ல் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ், 18-ல் உள் லைன்பேக்கர் ஜாக் கேம்பெல், 34-ல் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா, 45-ல் பிரையன் பிராஞ்ச். விலை குறைந்த இடங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள் என்று டிவியில் கிழித்தார்கள். அந்த வருடமே கான்ஃபரன்ஸ் இறுதி வரை போனோம், அடுத்த வருடம் 15-2.

ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்றால், அந்த நால்வரும் வருவதற்கு முன்பே டெக்கர், ராக்னோ, சூவல் என்று லைனில் மூன்று முதல் ரவுண்டு ஆட்கள் இருந்தார்கள், 2022-ல் இரண்டாவது பிக்கில் எட்ஜ் ஏடன் ஹட்சின்சன் வந்துவிட்டார். அஸ்திவாரம் முடிந்த பிறகுதான் பிடித்ததை வாங்கினோம். போன அக்டோபரில் டல்லஸில் ஹட்சின்சன் கால் உடைந்தது. ஜனவரியில் பிளேஆஃபில் வாஷிங்டன் எங்கள் மேல் 45 புள்ளி எடுத்தபோது நான் சத்தமே போடவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். 15 ஆட்டம் ஜெயித்த அணிக்கும் குவார்ட்டர்பேக்கை விரட்ட ஆள் இல்லை என்றால் அதுதான் கதி.

உங்கள் அணியில் ஹெண்ட்ரிக்சனுக்கு அடுத்து யார்? 2023-ன் முதல் ரவுண்டு பிக் மைல்ஸ் மர்ஃபி போன வருடம் ஒரு சாக்கூட எடுக்கவில்லை.

---

கேப்_கணக்கு:

ராஜி சொன்னதுதான் நான் சொல்லாமல் விட்ட பாதி. இரண்டு மாதம் முன் நடந்த சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் ஒரு பிளிட்ஸ்கூட (நால்வருக்கு மேல் ஆள் அனுப்பும் தாக்குதல்) அனுப்பாமல் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள். நால்வர் மட்டும் பாய்ந்து அந்த வேலையை முடித்தால் மிச்சம் ஏழு பேரும் பின்னால் நின்று ரிசீவர்களைக் காவல் காக்கலாம். கார்னர்பேக் சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம். அந்த நால்வர் கூட்டத்தில் ஜேலன் கார்ட்டர் 9-வது பிக், ஜோர்டன் டேவிஸ் 13, நோலன் ஸ்மித் 30, மில்டன் வில்லியம்ஸ் மூன்றாவது ரவுண்டு, ஜாஷ் ஸ்வெட் நாலாவது ரவுண்டு. கவனியுங்கள், ஒரே வருடத்தில் இல்லை, வருடா வருடம் அதே இடத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் ரன்னிங் பேக் பார்க்லி. 2018-ல் இரண்டாவது பிக்கில் அவரை எடுத்த ஜயண்ட்ஸிடம் லைன் கிடையாது. ஆறு வருடம் கழித்து ஈகிள்ஸின் நல்ல லைனுக்குப் பின்னால் வந்து 2,005 யார்டு ஓடினார்.

---

ஓஹையோ_வாசி:

எல்லாருக்கும் நன்றி. மேசன் மாமா சொன்ன ஹம்ஃப்ரி கதை என்னை அசைத்துவிட்டது, 17-ல் கார்டு என்ற பிடிவாதத்தை விடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. எட்ஜ் என்றால் டெக்சஸ் ஏ அண்டு எம் ஷெமார் ஸ்டூவர்ட் பெயர்தான் அடிபடுகிறது. மூன்று வருடக் கல்லூரி ஆட்டத்தில் மொத்தமே 4.5 சாக். பாஸ்டன் காலேஜின் டோனவன் எஸெய்ருவாகு போன வருடம் மட்டும் 16.5 எடுத்திருக்கிறார். எதை நம்புவது? இன்னொன்று, மேலே ஏறிப் பெரிய ஆளைப் பிடிக்கலாமா?

---

மேசன்_மாமா:

இரண்டாவதற்கு முதலில். ஏறவே கூடாது. ஆறு பிக் வைத்திருக்கும் அணி அதில் இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்கினால் டிராஃப்டின் கடைசி நாளான சனிக்கிழமை வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும். ஆய்வாளர்கள் ரிச்சர்ட் தேலரும் கேட் மேஸியும் சேர்ந்து இந்தச் சந்தையை ஆராய்ந்து சொன்னதே இதுதான்: தங்கள் கண் தப்பாது என்று நம்பி அணிகள் மேலே ஏற அதிக விலை கொடுக்கின்றன, கொடுக்கும் சம்பளத்துக்கு அதிகம் திரும்பக் கிடைப்பது இரண்டாவது ரவுண்டில். பாந்தர்ஸ் 2023-ல் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்குக்காகக் கொடுத்தவற்றில் அடுத்த வருட முதல் ரவுண்டு பிக்கும் ஒன்று, அது கடைசியில் முதல் பிக்காகவே போய் முடிந்தது. கூடவே ரிசீவர் டி.ஜே. மூரையும் கொடுத்துவிட்டு, பந்தைப் பிடிக்க ஆள் இல்லாத அணியில் அந்தப் பையனை நிறுத்தினார்கள். அந்த வருடம் 62 சாக்.

ஸ்டூவர்ட் விஷயம். 267 பவுண்டு உடம்போடு 40 யார்டை 4.59 விநாடியில் ஓடுபவர் வருடத்துக்கு ஒருவர் வருவதே அரிது, அதனால் பெயர் அடிபடுகிறது. சாக் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரைத் தள்ளிவிடக் கூடாது, குவார்ட்டர்பேக் அருகே எத்தனை முறை போய்ச் சேர்ந்தார் என்றும் பார்க்க வேண்டும், அதில் அவர் மோசமில்லை. ஆனால் அவர் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டிய ஆள். 28 வயது பர்ரோவின் இரண்டு வருடத்தை அதற்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. எஸெய்ருவாகு உடம்பு சிறியது, ஓட்டத்தை நிறுத்துவதில் அடி வாங்குவார், அவர் 49-க்கு இறங்கி வந்தால் யோசிக்கலாம்.

ஆரிகனின் டெரிக் ஹார்மன் 17-ல் இருந்தால் நான் அவரைத்தான் எடுப்பேன். 313 பவுண்டு, நடுவிலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கி முட்டிக்கொண்டு வருபவர். நடுவிலிருந்து வரும் அழுத்தத்துக்கு ஓடி ஒளிய இடம் கிடையாது, டொனால்ட் நமக்குச் செய்ததும் அதுவே. போன வருடம் இரண்டாவது ரவுண்டில் வந்த கிரிஸ் ஜென்கின்ஸோடு அவரை நிறுத்தினால் ஹெண்ட்ரிக்சன் இருந்தாலும் போனாலும் முன்வரிசை நிற்கும். ஹார்மன் போய்விட்டால் ஓல் மிஸ்ஸின் வால்டர் நோலன்.

---

நாலாவது_டவுன்:

சரி, 17-ல் ஹார்மன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 49-ல் கார்டு வராமல் லைன்பேக்கர் வந்தால் இங்கேதான் வந்து சண்டை போடுவேன்.